தீவுக்குப் போகும் விமானம்: ஆள் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம்

மும்பை: 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடெங்கும் விமான நிலையங்களில் காணப்பட்ட காட்சியைப் பிரயாணிகள் அவ்வளவு எளிதில் மறக்க மாட்டார்கள். நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனியான இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5ந் தேதி ஒரே நாளில் ரத்தானவை மட்டும் ஆயிரத்துக்கு மேல். விமானிகளின் வேலை நேரம், ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1ந் தேதியே அமலுக்கு வந்துவிட்டது. அதற்கு வேண்டிய ஆள் ஏற்பாட்டைக் கம்பெனி செய்து வைத்திருக்கவில்லை. விதி வரப்போகிறது என்பது பல மாதங்களுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

அந்த நாட்களில் பத்திரிகைகள் வெளியிட்ட படங்களில் மனிதர்களைவிடப் பெட்டிகளே அதிகமாகத் தெரிந்தன. தரையில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட பெட்டிகள். அவற்றுக்கு இடையே குனிந்து தம் பெயர்ச் சீட்டைத் தேடும் பிரயாணிகள். டிசம்பர் 7ந் தேதி இரவு 8 மணிக்குள் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும், பிரிந்துபோன சாமான்களை 48 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து வீட்டில் சேர்க்க வேண்டும் என்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட வேண்டி வந்தது. மற்றக் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றிவிடாமல் தற்காலிக உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. விமான நிலையக் கட்டணமும் வரியும் தனி.

டில்லிக்கோ அகமதாபாத்துக்கோ போக வேண்டியவர் அன்று ரயிலில் ஏறியிருப்பார், பஸ்ஸிலாவது போயிருப்பார். போர்ட் பிளேயருக்குப் போக வேண்டியவர் என்ன செய்திருப்பார்? தீவுக்கு ரயில் இல்லை. சென்னையிலிருந்து கப்பல் உண்டு. ஆனால் அது மாதத்தில் சில நாட்கள் மட்டுமே புறப்படுகிறது, போய்ச் சேரச் சுமார் மூன்று நாள் ஆகிறது. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தவருக்கு அந்தக் கப்பல் உதவாது. ஆகவே விமானம் தவறுவது என்பது தீவுக்காரருக்கும் நிலத்தில் இருப்பவருக்கும் ஒரே விஷயமல்ல. இந்த வேறுபாட்டை விதிகள் இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் இங்கே சொல்ல வேண்டிய குறை.

தமிழர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 100க்கு 15 பேரின் தாய்மொழி தமிழ். வங்காளி, இந்திக்கு அடுத்து மூன்றாவது இடம். வியாபாரம், கட்டட வேலை, துறைமுகம், சர்க்கார் காரியாலயம் என்று எல்லாவற்றிலும் தமிழர்கள் இருக்கிறார்கள். நிக்கோபார் பகுதியின் காட்சால் தீவில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அண்ணன் தாராவியிலும் தம்பி போர்ட் பிளேயரிலும் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. கல்யாணம், சாவு, சொத்துப் பத்திரம் என்று ஏதாவது ஒரு காரியத்துக்குப் போய் வரத்தான் வேண்டியிருக்கிறது.

காலையில் பறந்தால்தான் உண்டு

போர்ட் பிளேயர் நகரத்துக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. ஜனங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். அங்குள்ள வீர சாவர்க்கர் விமான நிலையத்தில் சுமார் 710 கோடி ரூபாய் செலவில் கட்டிய புதிய முனையத்தைப் பிரதமர் 2023 ஜூலை 18ந் தேதி திறந்து வைத்தார். வருஷத்துக்கு 50 லட்சம் பிரயாணிகளைக் கையாளும் அளவுக்குக் கட்டடம் பெரிது. ஆனால் விமானம் இறங்குவது கட்டடத்தில் அல்லவே, ஓடுபாதையில்! ஓடுபாதை ஒன்றே ஒன்று. அதுவும் கடற்படைக்குச் சொந்தமானது. கடற்படையின் உத்க்ரோஷ் தளமும் பிரயாணி விமானங்களும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு பக்கம் நிலம் உயர்ந்திருப்பதால் பெரும்பாலும் ஒரு திசையிலிருந்து மட்டுமே இறங்க முடிகிறது. பின்காற்று பலமாக வீசும் மழைக்காலப் பிற்பகல்களில் இறங்குவது சிரமம். நெடுங்காலமாக விமானங்கள் காலையிலும் நடுப்பகலிலும் குவிந்து கிடந்ததற்கு இவைதான் காரணங்கள். இறங்க முடியாவிட்டால் பக்கத்து ஊர் என்று ஒன்று கிடையாது. விமானம் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ திரும்பி வந்துவிடும். மேகத்துக்கு மேலே தீவைத் தாண்டி வட்டமடித்துவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கிய பிரயாணிகள் உண்டு.

சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் ஆகாய மார்க்கம் சுமார் 1,370 கிலோமீட்டர். கல்கத்தாவிலிருந்து சுமார் 1,300. மும்பைக்காரர் சாதாரணமாக சென்னை, கல்கத்தா, ஹைதராபாத், பெங்களூர் ஆகிய ஊர்களில் ஒன்றில் விமானம் மாறுகிறார். தீவு விமானம் காலையில் புறப்படுமானால் முந்தின இரவே மாறும் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அங்கே ஒரு ராத்திரிக் காத்திருப்பு. இந்தக் காத்திருப்பில்தான் சிக்கல்கள் அத்தனையும் ஆரம்பமாகின்றன.

கம்பெனிகளின் எண்ணிக்கையும் குறைந்து வந்திருக்கிறது. தீவுக்குப் பறந்துகொண்டிருந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ பர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது. இன்று உள்நாட்டுப் பிரயாணிகளில் 100க்கு 60 பேருக்கு மேல் இண்டிகோ ஒன்றிலேயே போகிறார்கள். ஒரு கடைக்காரரையே ஊர் முழுவதும் நம்பியிருந்தால் அவர் கடையை அடைக்கிற நாளில் ஊருக்கு அரிசி இல்லை. 2025 டிசம்பரில் நடந்தது அதுவே.

ஒரு டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

பிரயாணி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, விமானம் எத்தனை மணிக்கு என்பதல்ல. மும்பையிலிருந்து தீவு வரை ஒரே டிக்கெட்டா, இல்லை இரண்டு தனித் தனி டிக்கெட்டா என்பதுதான். ஏஜெண்டு அச்சடித்துத் தரும் காகிதத்தில் இரண்டு விமானங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பார்வைக்கு ஒரே பிரயாணம். ஆனால் பதிவு எண், அதாவது பி.என்.ஆர்., இரண்டாக இருந்தால் சட்டத்தின் கண்ணில் அவை சம்பந்தமே இல்லாத இரண்டு பிரயாணங்கள்.

வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு கம்பெனியைச் சேர்ந்தது. விமானப் போக்குவரத்து தலைமை இயக்ககத்தின் விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரே டிக்கெட் எண்ணில் பதிவான இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவருக்கு மாற்று விமானம் தர வேண்டும். இல்லையேல் பணத்தை முழுவதும் திருப்பித் தந்து நஷ்ட ஈடும் தர வேண்டும். இரண்டு டிக்கெட்டுகளானால் இந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டாவது கம்பெனியைப் பொறுத்தவரை அவர் “வராத பிரயாணி”. டிக்கெட் போயிற்று. அன்றைய விலைக்குப் புது டிக்கெட் வாங்க வேண்டும். கடைசி நேர விலை என்னவாக இருக்கும் என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பின் ஏன் இரண்டு டிக்கெட் வாங்குகிறார்கள்? சில நேரங்களில் அது சில நூறு, சில ஆயிரம் ரூபாய் மலிவு என்பதால்தான். வெவ்வேறு கம்பெனிகளின் மலிவு விமானங்களை ஒட்டவைத்துக் காட்டும் முறை இப்போது கைப்பேசியிலேயே வந்துவிட்டது. ஏஜெண்டு அதைச் சொல்வதில்லை, பிரயாணி கேட்பதில்லை. மாதச் சம்பளக்காரர் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் தொகை ஒரு மணி நேரத் தாமதத்தில் கரைந்துவிடுகிறது.

ரயிலோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் நன்றாக விளங்கும். 2019 ஏப்ரல் 1ந் தேதி முதல் ரயில்வேயில் இரண்டு தனி டிக்கெட்டுகளையும் ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளலாம். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது வண்டி தவறினால், போகாத பகுதிக்கு ரத்துக் கட்டணம் பிடிக்காமல் பணம் திரும்பக் கிடைக்கும். சில நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு ரயில்வே கொடுக்கும் இந்தச் சலுகையைப் பல ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு விமானக் கம்பெனிகள் கொடுப்பதில்லை. கொடுக்கச் சொல்லி விதியும் இல்லை.

இன்னொரு பழக்கமும் இங்கே பிரயாணிகளைக் கவிழ்த்து விடுகிறது. ரயிலில் ஏறும் ஸ்டேஷனை முன்கூட்டி மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? அதே நினைப்பில், மும்பை–சென்னை–போர்ட் பிளேயர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு, ஊரில் நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று முதலிலேயே ரயிலில் சென்னைக்குப் போய்விடுகிறார்கள் சிலர். சென்னையில் கவுண்டருக்குப் போனால் டிக்கெட் இல்லை என்பார்கள். முதல் பகுதியில் ஏறாதவரின் மீதிப் பகுதிகளையும் கம்பெனிகள் ரத்து செய்துவிடும். இது கம்பெனிகளின் பொது வழக்கம். சிப்பந்தியோடு சண்டை போட்டுப் பயனில்லை.

நேரக் கணக்கு

இரண்டு டிக்கெட்டில்தான் போயாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் எத்தனை மணி நேரம் வேண்டும்? முதல் விமானம் காலை 10 மணிக்குச் சரியாக இறங்குகிறது. கடைசிப் பெட்டி 30 நிமிஷத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கம்பெனிகளுக்கு உத்தரவு போடப்பட்டது. அது இன்ஜின் நின்ற பிறகான கணக்கு. ஆக, பெட்டியைக் கையில் வாங்க 10.40. வெளியே வந்து, புறப்பாட்டு வாசலில் காவலரிடம் டிக்கெட்டும் அடையாளச் சீட்டும் காட்டி உள்ளே போக 11 மணி. பெட்டி ஒப்படைக்கும் கவுண்டர், விமானம் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடப்படும். அங்கே வரிசை நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் 12.30க்கு முன் புறப்படும் எந்த விமானமும் ஆபத்து. இது எல்லாம் ஒழுங்காக நடந்தால். முதல் விமானம் ஒன்றரை மணி தாமதமானால் 2 மணி விமானமே போய்விடும். நாலு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் இரண்டு டிக்கெட் வாங்குவது சூதாட்டம்தான்.

முனையம் மாறுவதும் ஒரு விஷயம். மும்பையில் சாந்தாகுரூஸ் பக்கம் முதல் முனையமும் சஹார் பக்கம் இரண்டாவது முனையமும் வெவ்வேறு சாலைகளில் இருக்கின்றன. நடந்து மாற முடியாது. சென்னையில் உள்நாட்டு விமானங்களே டி-1, டி-4 என்று இரு முனையங்களிலிருந்து புறப்படுகின்றன. பெங்களூரிலும் இரண்டு. கல்கத்தாவிலும் ஹைதராபாத்திலும் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்களுக்கு அந்த வழி சௌகரியம். மொழி தெரிந்த ஊர் என்பதற்காக எல்லோரும் சென்னையையே கேட்கிறார்கள். இரவில் ஒண்டிக்கொள்ள உறவினர் வீடு இருக்கிறது, எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் நிற்கிறது, மெட்ரோவும் உண்டு என்பதெல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால் உறவினர் இல்லாதவர் வெளியே வந்துவிட்டால், விமானத்துக்குப் பல மணி நேரம் முன்னதாகக் காவலர் உள்ளே விட மறுக்கலாம். ஒரே டிக்கெட்டில் மாறுகிறவர் வெளியே வராமல் உள்ளே மாறும் வழியாகப் போய்விடுவதே நல்லது. அங்கே நாற்காலியும் தண்ணீரும் கழிப்பிடமும் இருக்கும். இட்லி விலைதான் ஏறக்குறைய அரை நாள் கூலி.

பெட்டி எங்கே போகிறது?

கவுண்டரில் பெட்டியின் கைப்பிடியில் ஒரு காகிதப் பட்டை ஒட்டுகிறார்கள். அதில் ஒரு பத்திலக்க எண்ணும் ஊர்களின் மூன்றெழுத்துக் குறிகளும் இருக்கும். மும்பைக்கு பி.ஓ.எம்., சென்னைக்கு எம்.ஏ.ஏ., போர்ட் பிளேயருக்கு ஐ.எக்ஸ்.இசட். ஆங்கிலம் வராதவரும் இந்தக் கடைசி மூன்று எழுத்தை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பட்டையில் பெரிதாகத் தீவின் குறி இருந்தால் பெட்டி நேரே தீவுக்குப் போகும். சென்னைக் குறி மட்டும் இருந்தால் பெட்டி சென்னையில் இறங்கிச் சுற்றும் பட்டையில் வந்து நிற்கும். எடுப்பார் இல்லாவிட்டால் அங்கேயே கிடக்கும். இதைப் பார்க்க அரை நிமிஷம் ஆகும். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பார்த்துவிட வேண்டும். கையில் தரும் துண்டுச் சீட்டைப் பலர் குப்பையில் போடுகிறார்கள். பெட்டி தொலைந்தால் அதுதான் ஒரே அத்தாட்சி.

விமானம் மாறும் இடத்தில் பெட்டி தவறுவது புதுமையல்ல. உலகக் கணக்குப்படி 2024ல் ஆயிரம் பிரயாணிகளுக்கு 6.3 பெட்டி வீதம் ஏதாவது ஒரு வகையில் தவறின. தாமதமாகச் சேர்ந்த பெட்டிகளில் 100க்கு 41 விமானம் மாற்றும் இடத்தில் தவறியவை. மனிதன் ஓடிப்போய் ஏறிவிடுகிறான். பெட்டிக்குக் கால் இல்லை. முதல் விமானத்தின் வயிற்றிலிருந்து இறங்கி, வண்டியில் ஏறி, பிரிக்கும் இடத்துக்குப் போய், மறுபடி வண்டியில் ஏறி இரண்டாவது விமானத்தின் வயிற்றுக்குள் போக அதற்கு நேரம் வேண்டும். இடைவெளி குறைந்தால் ஆள் போய்ச் சேருவார், பெட்டி அடுத்த விமானத்தில் வரும். தீவுக்கு அடுத்த விமானம் என்றால் சில நாட்களில் அது மறுநாள்.

பிரயாணியே தெரியாமல் செய்யும் காரியமும் பெட்டியை நிறுத்திவிடுகிறது. கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பக்கூடாது. கையில்தான் கொண்டுபோக வேண்டும். சிகரெட் பற்றவைக்கும் லைட்டரும் பெட்டிக்குள் ஆகாது. எண்ணெய் கசிந்து தீப்பற்றக்கூடும் என்பதால் கொப்பரைத் தேங்காய்க்கும் தடை உண்டு. எக்ஸ்ரேயில் இவை தெரிந்தால் பெட்டி தனியே எடுத்து வைக்கப்படும், பிரயாணியை அழைப்பார்கள். ஒலிபெருக்கியில் பெயரைத் திரித்துக் கூப்பிடுவது தமக்குத்தான் என்று புரியாமல் உட்கார்ந்திருந்தால் பெட்டி அந்த ஊரிலேயே தங்கிவிடும். திரும்பி வரும்போது பவளப் பூவும் சங்கும் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவது அதைவிட மோசம். பவளமும் சில வகைச் சங்குகளும் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. வழக்கில் போய் முடியும்.

உள்நாட்டு டிக்கெட்டில் சாதாரணமாக 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் அனுமதி. பெட்டியே இல்லாத மலிவு டிக்கெட்டுக்கு 2021ல் அனுமதி தரப்பட்டது. அது தெரியாமல் அதை வாங்கிவிட்டுக் கவுண்டரில் கூடுதல் கட்டணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தனி டிக்கெட்டானால் கூடுதல் எடைக்கு இரண்டு கம்பெனிக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். ஒரு மாற்று வேட்டி அல்லது புடவை, மருந்து, பணம், பத்திரங்கள், நகை இவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது ஒன்றே பெட்டி தவறும் இரவுக்குக் காப்பு.

கேட்டால் கிடைப்பவை

போர்ட் பிளேயரில் பெட்டி வராவிட்டால், வருகைக் கூடத்தை விட்டு வெளியே போகாமலே கம்பெனி சிப்பந்தியிடம் சாமான் தவறிய அறிக்கையை எழுதி வாங்க வேண்டும். “நாளைக்கு வந்துவிடும், போங்கள்” என்ற வாய் வார்த்தைக்கு மதிப்பில்லை. அறிக்கை எண் இருந்தால்தான் பெட்டி வந்ததும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க முடியும். உடைந்த பெட்டிக்கு 7 நாளைக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளைக்குள்ளும் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். உள்நாட்டில் தொலைந்த பெட்டிக்கு நஷ்ட ஈடு ஒருவருக்கு 20,000 ரூபாய் வரை. கல்யாணப் பட்டுப் புடவைகளைப் பெட்டியில் வைத்தவருக்கு இது போதாது. பெட்டி கொடுக்கும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டினால்தான் அதிகம் கேட்கலாம்.

விமானத் தாமதத்துக்கும் விதி உண்டு. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பறப்பு 2 மணி அல்லது அதற்கு மேல் தாமதமானால் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். 6 மணிக்கு மேல் தாமதமாகும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். 24 மணிக்கு மேல் போனால் தங்கும் விடுதி. முன்னறிவிப்பு இல்லாமல் ரத்தானால், 2 மணி நேரத்துக்கு மேற்பட்ட பறப்புக்கு 10,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது நஷ்ட ஈடு. எது குறைவோ அது என்ற வார்த்தையில் கம்பெனிக்காரர் மூச்சு விட்டுக்கொள்கிறார். மேலும் புயல், மூடுபனி, கலவரம் போன்ற கம்பெனியின் கைக்கு மீறிய காரணங்களால் ரத்தானால் நஷ்ட ஈடு கிடையாது. தீவு விமானத்தில் வானிலை என்பது எப்போதும் கையில் இருக்கும் ஒரு காரணம்.

யாரும் கேட்காமல் விட்டுவிடும் பணம் ஒன்றும் இருக்கிறது. பிரயாணி வராமலே போன டிக்கெட்டிலும், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், பிரயாணி சேவைக் கட்டணம், அரசாங்க வரிகள் ஆகியவற்றைக் கம்பெனி திருப்பித் தந்தாக வேண்டும். இணைப்புத் தவறி இரண்டாவது டிக்கெட்டை இழந்தவரும் இந்தப் பகுதியைக் கேட்டு வாங்கலாம். கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து கொடுப்பதில்லை.

புகாருக்கு அமைச்சகத்தின் ஏர்சேவா என்ற ஏற்பாடு இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் தொலைபேசியும் உண்டு. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ம் வருஷச் சட்டப்படி பிரயாணி தாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் எதுவும் இல்லை. மும்பையில் இருப்பவர் இதற்காகப் போர்ட் பிளேயருக்கோ கம்பெனியின் தலைமைக் காரியாலயம் இருக்கும் ஊருக்கோ அலைய வேண்டியதில்லை.

சின்ன ஓடுபாதை, சின்ன விமானம்

லட்சத்தீவுக்குப் போகிறவர்களின் பாடு வேறு விதம். பெரும்பாலும் கொச்சியில் விமானம் மாறி அகத்தித் தீவில் இறங்குகிறார்கள். 1988ல் திறந்த அகத்தி விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்காது; விசிறி வைத்த சிறிய விமானங்களே வருகின்றன. எடையில் கண்டிப்பு. அங்கே வேலைக்குப் போகிற கட்டடத் தொழிலாளி கருவி மூட்டையோடு போனால் கொச்சியில் தகராறுதான். நுழைவு அனுமதிச் சீட்டும் முன்னதாகவே கையில் இருக்க வேண்டும். அந்தமானில் போர்ட் பிளேயர் வரை இந்தியருக்கு அனுமதி தேவையில்லை.

செய்ய வேண்டியது என்ன?

பிரயாணி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. அதிகாரிகளும் அதையே சொல்கிறார்கள். ஆனால் ஜாக்கிரதையாக இருப்பதற்கு விஷயம் தெரிய வேண்டும் அல்லவா? தனித்தனி டிக்கெட்டை ஒரே பிரயாணம்போல் காட்டி விற்கும் ஏஜெண்டும் கைப்பேசிச் செயலியும், “இணைப்புத் தவறினால் யாருக்கும் பொறுப்பில்லை, பெட்டியை நீங்களே எடுத்து மாற்ற வேண்டும்” என்று பிரயாணியின் மொழியில் அச்சடித்துத் தர வேண்டும் என விதி செய்யச் சர்க்காருக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ரயில்வே செய்ததுபோல் இரண்டு டிக்கெட்டை இணைக்கும் முறையைத் தீவு மார்க்கங்களிலாவது கட்டாயமாக்கலாம். கம்பெனிகள் கணக்குக் காட்டி எதிர்க்கும். வெவ்வேறு கம்பெனியின் தாமதத்துக்குத் தாம் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் திருப்பித் தராவிட்டாலும், அடுத்த விமானத்தில் இடம் இருந்தால் அன்றைய விலை கேட்காமல் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்ற அளவுக்காவது விதி வரலாம். காலி நாற்காலியால் கம்பெனிக்கு லாபம் ஒன்றும் இல்லை.

2025 டிசம்பரில் போட்ட கட்டண வரம்பும் யோசிக்கத்தக்கது. நெருக்கடி வந்த பிறகு உத்தரவு, நெருக்கடி தீர்ந்ததும் உத்தரவு முடிவு என்ற முறை நிலத்தில் உள்ள ஊர்களுக்குச் சரி. வேறு வழியே இல்லாத தீவுக்கு அது நிரந்தரமாக இருந்தால் என்ன என்று தீவு மக்கள் கேட்பதில் தவறு காண முடியாது. அதனால் கம்பெனிகள் விமானங்களைக் குறைத்துவிடுமோ என்ற பயமும் இருக்கத்தான் செய்கிறது. கப்பல் போக்குவரத்தை அதிகப்படுத்தாமல் இந்த முடிச்சு அவிழாது.

ஏனென்றால் போர்ட் பிளேயரில் இறங்குவதோடு பலருக்குப் பிரயாணம் முடிவதில்லை. ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் போகிற பஸ்கள் விடியுமுன் புறப்படுகின்றன. நடுவில் ஜாராவா பழங்குடியினரின் காட்டை வண்டிகள் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் போலீஸ் காவலோடு அணிவகுத்துக் கடக்க வேண்டும். கடைசி அணி போய்விட்டால் மறுநாள் காலைதான். நிக்கோபார் தீவுகளுக்குக் கப்பல் என்று புறப்படுகிறதோ அன்றுதான். காட்சாலுக்குப் போக வேண்டியவரின் பெட்டி சென்னையில் தங்கி ஒரு நாள் தாமதமாக வந்தால், அவர் கப்பலை விட்டுவிட்டுப் பெட்டிக்காகக் காத்திருப்பதா, பெட்டியை விட்டுவிட்டுக் கப்பலில் ஏறுவதா என்பதை அவரேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கப்பலில் ஏறுவதானால், பெட்டியைத் தம் சார்பில் வாங்கிக்கொள்ளப் போர்ட் பிளேயரில் உள்ள ஒருவருக்கு அதிகாரக் கடிதமும், அடையாளச் சீட்டின் நகலும், அந்தத் துண்டுச் சீட்டும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.